நிற்போர் வந்திறங்கிய ஊர்

நிற்போரில் முதல் குடும்பம் அந்த ஊர்ப் பேருந்து நிலையத்தில் வந்து இறங்கியது, வெங்காயம் விலை இறங்கி உருளைக்கிழங்கு விலை ஏறிய வாரத்தில். ஒரு பெரியவர், அவருடைய மகள், மகளின் புருஷன், மூன்று தகரப் பெட்டிகள். பேருந்தில் பாதிக்கு மேல் இருக்கைகள் காலியாகக் கிடந்தும் வழி முழுக்கக் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தார்கள் என்று நடத்துனர் சொன்னார். அவரும் சும்மா இருக்காமல் உட்காரச் சொல்லியிருக்கிறார். பெரியவர் மரியாதைக்காக உட்காரப் போனபோது இருக்கை ஒரு சாண் பின்னால் நகர்ந்துகொண்டது. தரையோடு ஆணி அடித்து இறுக்கிய இருக்கை. பணிமனையில் வண்டியை நிறுத்திப் பார்த்தார்கள். ஆணியெல்லாம் சரியாகத்தான் இருந்தது. இருக்கை மட்டும் ஒரு சாண் தள்ளி இருந்தது. அதைப் பழைய இடத்துக்கு நகர்த்தி வைத்துவிட்டு வண்டியை மறுபடி ஓட்டினார்கள்.

ஊர்க்காரர்களுக்கு வந்தவர்கள் யார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. பேருந்து நிலைய வாசலில் பழம் விற்பவர் ஒரே பார்வையில் கண்டுபிடித்து, "அட, நம்ம தொடர்கதைக்காரர் எழுதின ஆளுங்கல்ல இவங்க!" என்றார். நாலைந்து மாதமாக வார இதழில் எல்லோரும் படித்துக்கொண்டிருந்ததுதான்.

தொடர்கதைக்காரர் என்பவர் குடிநீர் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். பகலில் எந்தத் தெருவுக்கு எந்த வால்வைத் திறப்பது என்பதைப் பார்த்துக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் கை கால் கழுவிவிட்டுக் கதை எழுத உட்கார்ந்தார். வீட்டில் அவர், அவர் மனைவி, அண்ணி. அண்ணன் இறந்த பிறகு அண்ணி இவர்களோடு வந்து சேர்ந்தவர். சமையல்கட்டு அவர் பொறுப்பில் இருந்தது; எப்போது, யார் ஒப்படைத்தது என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது.

தொடர்கதைக்காரர் முதலில் எழுதியது ஒரு பறக்கும் படகைப் பற்றிய கதை. ராஜா இருந்தார், ராஜாவுக்கு எதிரி இருந்தான், மேகத்துக்கு மேல் ஒரு நகரம் இருந்தது. இதழின் ஆசிரியர் இரண்டு அத்தியாயத்தைப் படித்துவிட்டுக் கூப்பிட்டு அனுப்பினார். "படகு நல்லா இருக்கு. ஆனா தினம் காலையில அந்தப் படகைத் துடைக்கிறது யாரு? ராஜா சாப்பிட்ட தட்டை யாரு கழுவுறா? உங்க நகரத்துல எல்லாரும் வாள் வச்சிருக்காங்க, ஒருத்தர் கையிலயும் துடைப்பம் இல்லை. படிக்கிறவன் எப்படி நம்புவான்?" என்றார். நியாயமான கேள்வி. தொடர்கதைக்காரர் வீட்டுக்கு வந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில், இரண்டு டம்ளர் டீ குடித்து முடிப்பதற்குள், ஒரு சமூகத்தையே கட்டி எழுப்பிவிட்டார்.

அவர் கட்டிய நகரத்தில் ஒருவர் எதன் மேல் உட்காருகிறார் என்பதுதான் அவர் யார் என்பது. உச்சியில் மெத்தைக்காரர்கள். அவர்களுக்குக் கீழே நாற்காலிக்காரர்கள், அதற்குக் கீழே முக்காலிக்காரர்கள், பிறகு பலகைக்காரர்கள். மெத்தைக்காரர் வீட்டுப் பெண்ணை நாற்காலிக்காரர் கட்டலாம், ஆனால் மாமனார் வீட்டில் பின்வாசல் வழியாக வர வேண்டும். முக்காலிக்காரர் எழுந்த சூடு ஆறும் முன் பலகைக்காரர் அந்த இடத்தைக் கடக்கக் கூடாது. யாருக்கு யார் தண்ணீர் கொடுக்கலாம், யாரை யார் பெயர் சொல்லிக் கூப்பிடலாம், மெத்தைக்காரர் இறந்தால் எத்தனை தெரு அடைக்க வேண்டும் என்பது வரை யோசித்து வைத்தார். எல்லாம் அழகாகப் பொருந்தி வந்தது. ஆனாலும் ஏதோ கால் ஊன்றாதது மாதிரி ஆடிக்கொண்டே இருந்தது. கடைசியில் எல்லோருக்கும் அடியில் நிற்போர் என்று ஒரு கூட்டத்தை வைத்தார். அவர்கள் உட்காருவதே இல்லை. நின்றுகொண்டே சாப்பிடுவார்கள், சுவரில் சாய்ந்து தூங்குவார்கள், மற்றவர்கள் உட்காருவதற்கான எல்லா வேலையையும் செய்வார்கள். அவர்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதினார். அந்த ஒரு பக்கத்தை வைத்ததும் நகரம் ஆடாமல் நின்றது.

இதழ் ஆசிரியர் எழுந்து வந்து கை கொடுத்தார். "இந்த ஒரு பக்கம் போதும் சார். நேர்ல பார்த்த மாதிரி இருக்கு. எப்படித் தோணுச்சு?"

"சும்மா, தானா வந்துது" என்றார் தொடர்கதைக்காரர். அப்போது அதை உண்மை என்றே நினைத்தார்.

முதல் குடும்பத்தைத் தொடர்ந்து வேறு குடும்பங்களும் வந்தன. மழைக்காலம் முடிவதற்குள் ரயிலடிப் பக்கம் இரண்டு தெருக்கள் நிறைந்துவிட்டன. ஊர் மருத்துவர் அவர்களுடைய முழங்கால்களைத் தட்டிப் பார்த்து, ஒரு கோளாறும் இல்லை, நன்றாக மடங்குகின்றன என்று சொன்னார். மடங்கத்தான் செய்தன, துணி துவைக்கக் குனிந்தார்கள், மாடிப்படி ஏறினார்கள். உட்காரப் போனால் மட்டும் நாற்காலி நகர்ந்துகொண்டது, பலகை நழுவிக்கொண்டது, வெறும் தரையே ஒரு பக்கமாகச் சரிந்து அவர்களை மெல்ல நிமிர்த்தி விட்டது. வீடு வாடகைக்கு விட்டவர்கள் இரண்டே மாதத்தில் ஓர் அடையாளம் கண்டார்கள்: சுவரில் தோள் உயரத்துக்கு, சாய்ந்து சாய்ந்து எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய ஒரு நீண்ட கறை.

மேலடுக்குக்காரர்கள் யாரும் வந்து இறங்கவில்லை. வரத் தேவையிருக்கவில்லை. அந்த இடங்களையெல்லாம் ஊர்க்காரர்களே நிரப்பிக்கொண்டார்கள். அதுவரை பெஞ்சில் உட்கார்ந்து கணக்குப் பார்த்த மரக்கடை முதலாளி ஒரு மெத்தை தைக்கக் கொடுத்தார். தபால் அலுவலகத்தில் முத்திரை குத்துகிறவர் பெண் பார்க்கப் போன இடத்தில், "நாங்க நாற்காலிக் குடும்பம்" என்று சொன்னார். அந்த வீட்டாரும் தலையாட்டிக்கொண்டார்கள். ஒரே வருஷத்தில் ஊரில் இருந்த தச்சர்களுக்கெல்லாம் மூச்சுவிட நேரமில்லாமல் போயிற்று. இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இருந்ததாகச் சொல்ல முடியாது. நிற்போர் வேலையில் கெட்டிக்காரர்கள், எதிர்த்துப் பேசாதவர்கள், நாற்காலிச் செலவும் இல்லை. "பாவம், அவங்களுக்கு அது பழகிப்போச்சு" என்று எல்லோரும் சொன்னார்கள். நிஜமாகவே பரிதாபப்பட்டுத்தான் சொன்னார்கள்.

ஊருக்கு இவ்வளவு செய்த தொடர்கதைக்காரருக்கு நகர மண்டபத்தில் பாராட்டு விழா எடுத்தார்கள். மேடையில் அவருக்கென்று சிவப்பு மெத்தை போட்ட நாற்காலி. அதைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றவள் முதல் குடும்பத்துப் பெண், அந்தப் பெரியவரின் மகள். அவளுக்கு நகர மண்டபத்தில் கூட்டிப் பெருக்கும் வேலை கிடைத்திருந்தது. "உட்காருங்க சார்" என்றாள். அவர் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் கைதட்டியது. உட்கார்ந்துவிட்டார். மூன்று பேர் பேசி முடிக்கும்வரை அவள் பின்னால் நின்றாள். அவளுடைய மூச்சு அவர் பிடரியில் பட்டுக்கொண்டே இருந்தது. அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது மனைவி, "என்னங்க, விழா நல்லாத்தானே நடந்துது, ஏன் முகம் இப்படி இருக்கு?" என்று கேட்டாள். மண்டபத்தில் புழுக்கம் என்றார்.

அதற்கு அடுத்த மழைக்காலத்தில் அந்தப் பெண் வீட்டுக் கதவைத் தட்டினாள். அண்ணிதான் கதவைத் திறந்தார். தொடர்கதைக்காரர் கூடத்தில் சாய்வு நாற்காலியில் கிடந்தார். பெண் உள்ளே வரவில்லை; வாசற்படியிலேயே நின்று, சண்டைக்கு வந்தவள் போல இல்லாமல், குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்ல வந்தவள் போலப் பேசினாள்.

"அப்பாவுக்கு உடம்பு ரொம்ப முடியலை சார். டாக்டர் பார்த்துட்டு, இந்நேரம் போயிருக்கணுமேன்னு சொல்றார். ஆனா போகவும் முடியலை. படுக்க வச்சா எழுந்து நின்னுடுறார். நாங்க எப்படிச் சாவோம்னு நீங்க எழுதலையே சார்?"

மெத்தைக்காரர் சாவுக்கு அடைக்க வேண்டிய தெருக்களை அவர் கணக்குப் போட்டு எழுதியிருந்தார். நாற்காலிக்காரர் சாவுக்கு எந்தப் பக்கம் தலை வைப்பது என்று எழுதியிருந்தார். நிற்போரும் சாவார்கள் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

"எத்தனை நாளா இப்படி?" என்று அண்ணிதான் கேட்டார்.

"மழை பிடிச்சதுலேருந்துக்கா."

"கஞ்சி ஏதாவது இறங்குதா?"

"ரெண்டு வாய்."

இரண்டு பெண்களும் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். தான் இன்னும் சாய்ந்து கிடப்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. எழுந்தார்.

அந்த வாரமே உட்கார்ந்து எழுதினார். நிற்போருக்கும் வயதாகும், வயதானால் படுப்பார்கள், படுத்தால் நிம்மதியாகப் போவார்கள் என்று மூன்று பக்கம். இதழ் ஆசிரியர் முணுமுணுத்தார். "இவ்வளவு இடம் எதுக்கு சார் இவங்களுக்கு?" என்று கேட்டு, கடைசியில் வெளியிட்டார். வாசகர்கள் எழுதிய கடிதங்கள் வந்தன. கதை தொய்கிறது, ஒட்டவில்லை என்று எல்லோரும் ஒரே குரலில் எழுதியிருந்தார்கள். அவர் இதழை எடுத்துக்கொண்டு ரயிலடித் தெருவுக்குப் போனார்.

பெரியவர் அறையின் மூலையில் இரண்டு சுவர்களும் சேரும் இடத்தில் தன்னை முட்டுக்கொடுத்து நின்றிருந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கால்கள் வீங்கி, நகங்கள் தெரியவில்லை. மகள் அந்த மூன்று பக்கத்தையும் சத்தமாகப் படித்துக் காட்டினாள். பிறகு இரண்டு பேருமாகப் பிடித்துப் படுக்க வைத்தார்கள். காற்றில் கதவு சாத்திக்கொள்வதுபோலப் பெரியவர் மெல்ல எழுந்து தன் மூலைக்குத் திரும்பிவிட்டார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க சார். அதை எங்களாலயே நம்ப முடியலை" என்றாள் மகள்.

பெரியவர் கண்ணைத் திறந்தார். "நீங்கதானா அது? ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். எங்களை எதுக்கு இப்படி வச்சீங்க?"

தொடர்கதைக்காரருக்குப் பொய் சொல்ல வரவில்லை. "கதை நம்பற மாதிரி இருக்கணும்னு..."

பெரியவர் யோசித்தார். "நல்லாத்தான் நம்பறாங்க" என்றார். குரலில் குத்தல் எதுவும் இல்லை. தொடர்கதைக்காரர் திரும்பி நடந்தபோது எதிரே வந்த இரண்டு பேர் வணக்கம் வைத்தார்கள். அவர் தலை நிமிரவில்லை.

அலுவலகத்தில் வால்வு வரைபடத்துக்கு முன்னால் உட்கார்ந்து அவர் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு பக்கம் ஏன் நின்றது, இந்த மூன்று பக்கம் ஏன் விழுந்தது? முதல் பக்கத்தில் என்ன இருந்தது என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். மாவு டப்பாவின் மூடி மேல் தட்டை வைத்துச் சாப்பிடுவது. கவளத்தைச் சுவர்ப்பக்கம் திரும்பி விழுங்குவது. நின்று நின்று ஒரு கால் மரத்தால் மறு காலுக்கு மாறி, இடது பாதத்தால் வலது கணுக்காலைச் சொறிந்துகொள்வது. யாராவது உள்ளே வந்தால் வாயில் இருப்பதை அப்படியே நிறுத்தி, "என்ன வேணும்?" என்று கண்ணால் கேட்பது. எங்கிருந்து எடுத்தோம் என்று யோசித்தபடியே மதியம் வீட்டுக்குப் போனார். தண்ணீர் குடிக்கச் சமையல்கட்டுக்குள் நுழைந்தார்.

அண்ணி மாவு டப்பாவின் மேல் தட்டை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும் வாய் அப்படியே நின்றது. "என்ன வேணும்?" என்று கண்கள் கேட்டன. இடது பாதம் வலது கணுக்காலுக்குப் போயிற்று.

அவருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. பூமி அப்படியெல்லாம் செய்யவில்லை. "அண்ணி, என் கதையை நீங்க படிக்கிறதுண்டா?" என்று கேட்டார்.

"படிக்கிறேனே. நீங்கெல்லாம் படிச்சு முடிச்சதும் என்கிட்டதானே வரும்." அண்ணி வாயிலிருந்ததை விழுங்கிவிட்டுச் சிரித்தார். "இந்தக் கணுக்காலைக் கூட விட்டு வைக்கலையே தம்பி நீங்க."

மாலையில் மனைவியிடம், "அண்ணி ஏன் நம்மகூட உட்கார்ந்து சாப்பிடறதில்லை?" என்று கேட்டார்.

"அவங்களுக்கு அப்படித்தான் பிடிக்கும்னு நினைச்சேன்."

"நீ எப்பவாவது கூப்பிட்டிருக்கியா?"

"நீங்க?" என்றாள் மனைவி. சாப்பாட்டு மேசையில் மூன்றாவது நாற்காலியின் மேல் துவைத்த துணி குவிந்து கிடந்தது. அண்ணி வந்த வருஷத்திலிருந்து அதில் துணிதான் கிடந்தது.

மறுநாள் அவர் அந்தத் துணியையெல்லாம் அள்ளிக் கட்டிலில் போட்டார். நாற்காலியைத் துடைத்தார். சமையல்கட்டு வாசலில் போய் நின்று, "அண்ணி, வந்து உட்காருங்க. நாங்க பரிமாறறோம்" என்றார். பெரியவரின் நினைப்பும் அதில் இருந்தது. அண்ணி ஒரு தடவை உட்கார்ந்தால், அந்த உட்காருவதைப் பார்த்து எழுதிவிடலாம். பார்த்து எழுதினால் நிற்கும். நின்றால் அந்த மனுஷன் படுப்பார். இதையெல்லாம் அவர் சொல்லவில்லை. அண்ணி அவரை நெற்றியிலிருந்து பாதம்வரை ஒரு முறை பார்த்தார்.

"கதைக்கா?" என்றார்.

அவரால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. அண்ணி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். "வேலை கிடக்கு தம்பி."

அதன்பிறகு அவர் எழுதவில்லை. இதழ் ஆசிரியர் ஆள் அனுப்பிப் பார்த்தார், நேரில் வந்து பார்த்தார், கடைசியில் தொடரை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார். புதியவர் முக்காலிக்காரர்களுக்கும் பலகைக்காரர்களுக்கும் ஒரு போரை மூட்டிவிட்டு நன்றாகவே ஓட்டினார். தொடர்கதைக்காரர் அலுவலகம் விட்டதும் ரயிலடித் தெருவுக்குப் போய்ப் பெரியவருக்கு எதிரே நின்றார். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. முதல் நாட்களில் அரை மணி நேரத்தில் இடுப்பு விட்டுப்போயிற்று, பிறகு பழகிற்று. வால்வைப் பற்றிப் பேசினார். பெரியவர் தான் வந்த ஊரைப் பற்றிப் பேசினார். தொடர்கதைக்காரர் எழுதாத பல தெருக்கள் அங்கே இருந்தன. எழுதிவிடலாமா என்று கை துறுதுறுத்தது, அதற்கும் வெட்கப்பட்டுக்கொண்டார். வீட்டில் அவரும் மனைவியும் தங்கள் தட்டைத் தாங்களே கழுவினார்கள், காய் நறுக்கினார்கள். அண்ணி வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. நின்றுகொண்டே சாப்பிட்டார். இப்படியே ஒரு கோடை போயிற்று, இன்னொரு மழை வந்தது. பெரியவர் சாகாமல் நின்றார்.

அந்த மழையின் நடுவில் ஒரு சனிக்கிழமை தொடர்கதைக்காரர் செருப்பை மாட்டும்போது அண்ணி முந்தானையில் கை துடைத்தபடி வந்தார். "இருங்க, நானும் வரேன்."

"எதுக்கு அண்ணி?"

"அந்தப் பொண்ணு கடைவீதியில பார்க்கறப்பல்லாம் சொல்லி அழறா. ஒரு எட்டு பார்த்துட்டு வரலாம்."

பெரியவர் இருந்த அறை மாடியில், செங்குத்தான படி. மேலே போய்ச் சேர்ந்ததும் அண்ணிக்கு மூச்சு வாங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு அறையைச் சுற்றிப் பார்த்தார். "உட்கார ஒண்ணுமே இல்லையா இங்க?" என்றார். அந்த வீட்டில் யாரும் கேட்காத கேள்வி, மகள் திகைத்துப்போனாள். தொடர்கதைக்காரர் படியிறங்கி ஓடி, கீழே காய்கறிக் கடையிலிருந்து தக்காளி வந்த மரப்பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து கவிழ்த்துப் போட்டார். அண்ணி அதில் உட்கார்ந்தார்.

உட்காரும்போது அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பெரிய சத்தமில்லை. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் தொடர்கதைக்காரர் அதைக் கேட்டதில்லை. அவர் கதவோரம் ஒதுங்கித் தரையைப் பார்த்துக்கொண்டார்.

அண்ணி தன் முழங்காலை நீவிவிட்டுக்கொண்டு பெரியவரை அண்ணாந்து பார்த்தார். "நீங்களும் உட்காருங்க. நான் மட்டும் இப்படி உட்கார்ந்திருக்கறது ஒரு மாதிரியா இருக்கு."

"எனக்குப் பழக்கமில்லைம்மா."

"எனக்கு மட்டும் பழக்கமா? எங்க வீட்டுல என்னை யாரும் உட்காரக் கூடாதுன்னு சொன்னதில்லை. உட்காருன்னும் சொன்னதில்லை. அப்படியே போயிடுச்சு. கால் இப்போ கெஞ்சுது."

பெரியவர் நெடுநேரம் அந்தப் பெட்டியையே பார்த்தார். "நகர்ந்துடுமேம்மா" என்றார்.

"நகர்ந்தா பிடிச்சுக்கறேன்."

இன்னொரு பெட்டி வந்தது. அண்ணி உட்கார்ந்தபடியே எட்டி அதன் விளிம்பில் கை வைத்துக்கொண்டார். மகளும் மருமகனும் இரண்டு பக்கமும் தாங்க, பெரியவர் குனிந்தார். முழங்கால்கள் சடசடவென்று நெட்டி முறிந்தன. பெட்டி நகரவில்லை. பெரியவர் அதில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையையும் தொடை மேல் வைத்து, புதுச் சட்டை போட்டவர் மாதிரி அசையாமல் இருந்தார். பிறகு ஜன்னலைப் பார்த்து, "இங்கேருந்து பார்த்தா வானம் நிறையத் தெரியுதே" என்றார்.

அவரும் அண்ணியும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். கால் வீக்கத்துக்கு எது நல்லது என்பது பற்றி. வெளிச்சம் மங்கும் முன், படுக்க வேண்டும் என்றார் பெரியவர். படுக்க வைத்தார்கள். எழுந்திருக்கவில்லை. மகள் அவர் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்துவிட்டு, அழுவதற்கு முன் அண்ணியிடம், "உட்கார்ந்து அழலாமாக்கா?" என்று கேட்டாள். அண்ணி பெட்டியில் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்.

அதற்குப் பிறகு ரயிலடித் தெருக்களில் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். சிலருக்கு நாற்காலி உடனே இணங்கியது, சிலருக்கு மாதக்கணக்கில் நகர்ந்துகொண்டே இருந்தது, யாராவது பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஊரில் முதலில் முகம் சுளித்தார்கள். மரக்கடை முதலாளி, மரியாதை என்பதே போய்விட்டது என்று தன் மெத்தையில் உட்கார்ந்துகொண்டு வருத்தப்பட்டார். பிறகு பேருந்துகளில் நிற்க இடமும் உட்கார இடமும் எல்லோருக்கும் ஒரே மாதிரி தட்டுப்பாடானதில் அந்தப் பேச்சு ஓய்ந்தது. இன்னும் உட்காராதவர்கள் அந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்களுக்காகப் பேருந்து நிறுத்தங்களில் பெஞ்சை யாராவது பிடித்துக்கொள்வது இப்போது அங்கே வழக்கம்; வெளியூர்க்காரர்கள்தான் வேடிக்கை பார்ப்பார்கள்.

பெரியவரை அடக்கம் செய்த மறுநாள் மதியம், அண்ணி சமையலை முடித்து அடுப்பை அணைத்துவிட்டு நேராக வந்து மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்தார். மனைவி அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். "பசிக்குது தம்பி. இன்னைக்கு நீங்க போடுங்க" என்றார் அண்ணி.

தொடர்கதைக்காரர் தட்டைக் கழுவி வைத்தார், பரிமாறினார், தண்ணீர் வைத்தார். மேசையில் கொஞ்சம் சிந்தியது, துடைத்தார். அண்ணி ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, "உப்பு கொஞ்சம் கம்மி. எடுத்துட்டு வாங்க" என்றார்.

அவர் சமையல்கட்டுக்குள் போனார். மேல் தட்டில் இருந்த டப்பாக்களைத் திறந்தார். சர்க்கரை, மிளகு, பட்டாணி. கீழ்த் தட்டில் பார்த்தார். அடுப்புக்குப் பின்னால் பார்த்தார். மேகத்துக்கு மேலே ஒரு நகரத்தில் யார் வீட்டில் எது எங்கே இருக்கும் என்று அவருக்கு அத்துபடி. பிறந்ததிலிருந்து தான் வாழும் வீட்டில் உப்பு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. கூடத்திலிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை; அண்ணி எழுந்து வரவும் இல்லை, எங்கே இருக்கிறது என்று சொல்லவும் இல்லை. நிதானமாக உட்கார்ந்திருந்தார். தொடர்கதைக்காரர் அடுத்த டப்பாவைத் திறந்தார்.